சுவரடியில் ஒரு சாண் விடுங்கள்

புது வீட்டு விருந்துக்குப் போனால் எல்லோரும் ஹால் விளக்கைப் பார்ப்பார்கள், சுவர் வண்ணத்தைப் பார்ப்பார்கள். என் கண் கீழே இறங்கிவிடும். தரை முடிந்து சுவர் தொடங்குகிற நாலு அங்குலத்தை எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும், அந்த வீடு எத்தனை ஐப்பசி மழையைத் தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். வளைகுடா நாட்டில் ஓட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் கார்ப்பெட் போடுகிற வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் தரை வேலை எடுத்துச் செய்கிறேன். டைல்ஸ், கிரானைட், வினைல், கார்ப்பெட் எல்லாம் உண்டு. நம் கடலோர ஊர்களில் தரைக்குத் தாராளமாகச் செலவு செய்கிறோம், தரையின் ஓரத்துக்குச் செய்வதில்லை. வீடும் பள்ளிவாசலும் முதலில் கெடுவது அந்த ஓரத்தில்தான். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில், சுவரிலிருந்து சுவர் வரை கார்ப்பெட் போடுவதை முறையாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே பலரும் அதைப் பசை தடவி ஒட்டுவது என்றே நினைக்கிறார்கள். நல்ல ஓட்டல் வேலையில் பசைக்கு இடமே இல்லை. சுவரடியில் ஸ்கர்ட்டிங் என்கிற மரப்பட்டையை முதலில் அடித்துவிடுவோம். அது தரையைத் தொடாமல் ஏறத்தாழ அரை அங்குலம் தூக்கி நிற்கும். பிறகு அறையைச் சுற்றிக் கிரிப்பர் என்கிற ஆணிப்பட்டை. ஓர் அங்குல அகல மெல்லிய பலகை, அதில் வரிசையாக ஊசி முனைகள். அந்த முனைகள் நேராக நிற்காமல் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஆணிப்பட்டையைச் சுவரோடு ஒட்டி அடிக்கக் கூடாது. கார்ப்பெட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு சந்து விட வேண்டும். உள்பக்கம் அண்டர்லே என்கிற மெத்தென்ற அடிவிரிப்பு. அதன் மேல் கார்ப்பெட்டை விரித்து, ஒரு சுவரில் முனைகளில் மாட்டி, எதிர்ச் சுவரை நோக்கி இழுத்து, விறைப்பாக்கி மாட்டுவோம். மிச்சத்தைக் கத்தியால் நறுக்கிவிட்டு, மழுங்கிய உளியால் ஓரத்தைத் தட்டித் தட்டி அந்தச் சந்துக்குள் இறக்க வேண்டும். முடிந்த பிறகு வெட்டுவாய் எங்கேயும் தெரியாது. கார்ப்பெட் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது மாதிரித் தெரியும். உள்ளபடி அது சுவரில் அழுந்தவே இல்லை. மரப்பட்டைக்கு அடியில் மடங்கி இறங்கி, முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு மூலையைக் குறட்டால் பிடித்து இழுத்தால் மொத்தமும் கிளம்பி வந்துவிடும். அடியில் தண்ணீர் போனாலும் தூக்கிப் பார்க்கலாம், காயவைக்கலாம், திரும்பப் போடலாம்.

இந்த முறை பிறந்து வளர்ந்ததெல்லாம் குளிர் நாடுகளில். வளைகுடாவில் அது பிழைப்பதற்குக் காரணம், உள்ளே ஏசி ஓயாமல் ஓடுகிறது, வெளியே மழை மிகக் குறைவு. துபாயில் ஆண்டு முழுக்கப் பெய்வது 100 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். நாகப்பட்டினத்தில் 1,300 மில்லிமீட்டரைத் தாண்டும், அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அங்கே பார்த்ததை அப்படியே இங்கே கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாகூர் மண்ணைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். கிழக்கே கடல், பக்கத்தில் வெட்டாறு கடலில் விழுகிற முகத்துவாரம். சில அடி தோண்டினாலே தண்ணீர், அதிலும் உப்பு. செங்கல் அந்தத் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. சுவரின் மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிறது, கூடவே வந்த உப்பு பூச்சின் நுண்துளைகளில் தங்கிக் கட்டியாகிறது. கட்டியாகும்போது அதற்கு இடம் வேண்டும். இடத்துக்காக அது பூச்சை நெம்பித் தள்ளும். சுவர் பொரிகிறது, உப்புப் பூக்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறிய தெருக்களில் இன்னும் மோசம். செங்கல்லுக்குள் போன கடலுப்பு தானாக வெளியேறாது. காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் அதை இழுத்துக்கொள்ளும். மழையே இல்லாத நாளிலும் அந்தச் சுவரடி பிசுபிசுக்கும்.

இந்த ஈரம் வெளியேறத் தரை ஒரு வழி, சுவர் ஒரு வழி. தரையை வினைலாலோ, ரப்பர் அடி வைத்த கார்ப்பெட்டாலோ மூலை முடுக்கு விடாமல் மூடி ஒட்டிவிட்டால் ஒரு வழி அடைபடுகிறது. ஈரம் ஓரத்தை நோக்கி நகர்ந்து சுவரில் ஏறுகிறது. கணுக்கால் உயரத்தில் இருந்த ஓதம் முழங்கால் உயரத்துக்குப் போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிய வீடு ஒன்று உண்டு. வேறு யாரோ போட்ட வேலை. கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினேன். பசை வெள்ளையாகக் கூழாகிக் கிடந்தது. அடிச்சணல் கறுத்து, கையில் எடுத்தால் உதிர்ந்தது. ஈரத்தில் சணல் சுருங்கியதால் ஓரம் சுவரைவிட்டு ஒரு விரல்கடை விலகியிருந்தது. அந்த இடைவெளியில் கடல் மணலும் தலைமுடியும் அரிசிப் பூச்சியும். அந்த வீட்டில் மூச்சிரைப்பு உள்ள ஒரு குழந்தை இருந்தது. குழந்தையின் பாயை அந்தச் சுவரோரம்தான் போட்டிருந்தார்கள். நான் எதையும் பெரிதாகச் சொல்லவில்லை, முதலில் பாயை மட்டும் நடுவே இழுத்துப் போடச் சொன்னேன்.

கார்ப்பெட் ஆசை தவறில்லை. வெளிநாட்டுச் சபரில் இருக்கிற பிள்ளைகள் அனுப்புகிற பணம், கல்யாணத்துக்கு ஓர் அறையாவது அழகாக இருக்க வேண்டும் என்கிற நினைப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். போன மழைக்கு முன், நாங்கள் லாத்தா என்று கூப்பிடுகிற ஓர் அக்கா வீட்டில் அளவெடுத்தேன்.

"தம்பி, ஓரத்துல தரை தெரிஞ்சா நல்லா இருக்காது. சொவத்தோட ஒட்டிப் போட்டுடுங்க" என்றார்.

"ஒட்டுனா எடுக்க முடியாது லாத்தா. ஒரு சாண் உட்டுப் போட்டுக்குவோம். ஓரம் தச்சுத் தர்றேன். மழை புடிக்க முந்தி சுருட்டி மாடியில ஒரு வெயில் காட்டிப்புட்டு மேல ஏத்தி வச்சிருங்க."

"ஓரத்துல தெரியுற தரைக்கு என்ன பண்ண?"

"அதுதான் லாத்தா அழகு. உம்மா காலத்துத் தரையைப் பாருங்க."

அந்த வீட்டின் பின்கட்டில் பழைய சிவப்பு ஆக்சைடு தரை இருந்தது. சுவரைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புக் கரை ஓடி, அதே கறுப்பு சுவரிலும் நாலு விரல்கடை ஏறி நின்றது. அந்தக் கரையைப் போட்ட கொத்தர், நடுவில் பாய் வரும், ஓரம் வெறுமையாக இருக்கும் என்று தெரிந்தே போட்டிருக்கிறார். நம் வீடுகளில் விரிப்பு என்றால் எடுத்து மடிக்கிறது அல்லது சுருட்டி மூலையில் நிறுத்துகிறது. கொள்ளிடக் கரையோரம் தைக்காலில் முடைகிற கோரைப்பாயானாலும் சரி, காவிரிக் கரையில் பவானியில் நெய்கிற, 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஜமுக்காளமானாலும் சரி, ஓரம் கட்டித்தான் கைக்கு வரும். சுவர் வந்து அதன் ஓரத்தை மறைக்க வேண்டியதில்லை. உப்புக் காற்றில் தரைக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிற வழி அது. அந்த லாத்தா ஒரு சாண் விடச் சம்மதித்தார். வேலை முடிந்ததும் அவருடைய மருமகன் அதைப் படம் பிடித்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்.

வீட்டைவிட எனக்கு அதிகம் மனம் வலிப்பது பள்ளிவாசல்களில். முதல் சஃப்புக்கு, அதாவது தொழுகையின் முன்வரிசைக்கு, தனிச் சிறப்பு என்று நம் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், அதற்காகப் பெரியவர்கள் பாங்குக்கு முன்பே வந்து உட்காருகிறார்கள். ஒரு சஃப் ஏறத்தாழ நாலு அடி அகலம். முதல் சஃப்பில் நின்று சஜ்தா செய்கிறவரின் நெற்றி, தொழுகைத் திசையான கிப்லாவின் சுவரிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் தரையில் படுகிறது. சுவரடி ஓதம் கார்ப்பெட்டுக்கு அடியில் வந்து தேங்குகிற இடமும் சரியாக அதுதான். மார்கழியில் அங்கே நெற்றியை வைத்தால் புழுங்கல் வாடை மூக்கில் ஏறும். பணம் திரட்டி, வெளிநாட்டுக் கார்ப்பெட் வாங்கி, திறப்பு விழா வைத்து, கடைசியில் ஓரத்தைப் பசையால் ஒட்டிவிட்டு அத்தர் தெளித்துச் சமாளிக்கிறோம். பள்ளிவாசலுக்கு உள்ளே வருகிறவர் ஒளு செய்த ஈரக் காலோடு வருகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கார்ப்பெட்டுக்கு மேலிருந்தும் தண்ணீர், கீழிருந்தும் தண்ணீர்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாகூரிலிருந்து கிப்லா நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. பள்ளிவாசலை அந்தத் திசைக்கே கட்டியிருந்தால் சிக்கல் இல்லை. தெருவுக்கு நேராகக் கட்டிய மண்டபத்திலோ, கடை மாடியிலோ தொழுகை இடம் அமைக்கும்போது சஃப் கோட்டைச் சாய்த்துப் போட வேண்டும். பத்து அடிக்கு மூன்றரை அடிக்கு மேல் விலகும். ஒவ்வொரு சஃப்பின் இரண்டு முனையும் சுவரைச் சந்திக்கிற இடத்தில் முக்கோணமாக வெட்ட வேண்டி வரும். வெட்டினதை அப்படியே விட்டால் நூல் பிரிந்து வரும், சிறுவர்கள் இழுப்பார்கள், ஆறு மாதத்தில் ஓரம் மொட்டையாகும். முக்கோண வெட்டு ஒவ்வொன்றுக்கும் ஓவர்லாக் தையல் போட்டே ஆக வேண்டும். கார்ப்பெட் விற்கிற கடை விலை சொல்லும்போது இந்தத் தையலைச் சொல்வதில்லை. ஜமாஅத் நிர்வாகிகள் கேட்டு வாங்க வேண்டும்.

டைல்ஸ் வீடுகளின் கதை வேறு, ஆனால் வேர் ஒன்றுதான். நம் ஊரில் தரை வேலைக்குச் சதுர அடிக் கணக்கு. சுவரடிப் பட்டைக்கு ரன்னிங் அடிக் கணக்கு. மதிப்பீட்டில் "ஸ்கர்ட்டிங் தனி" என்று ஒரு வரி இருக்கும். கட்டி முடிக்கிற நேரத்தில் கையில் காசு தீர்ந்திருக்கும், அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார்கள். கணக்கைப் பாருங்கள். 12-க்கு 10 அறை என்றால் 120 சதுர அடி, இரண்டடி டைல்ஸ் 30 வேண்டும். சுவர்ச் சுற்று 44 அடி, வாசலுக்கு மூன்றடி கழித்தால் 41. ஒரு டைல்ஸை அறுத்தால் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் ஐந்து பட்டை, அதாவது பத்து ரன்னிங் அடி. ஆக 41 அடிக்கு ஐந்து டைல்ஸ் போதும். முப்பது வாங்குகிற இடத்தில் முப்பத்தைந்து. கூலியும் சேர்த்துப் பார்த்தாலும், பிறகு சுவரடியை உடைத்துப் பூசுகிற செலவில் இது ஒரு பகுதிதான்.

போடுகிறவர்களும் எப்படியோ போட்டுவிட்டுப் போகிறார்கள். பூச்சு முடிந்த சுவரின் மேல் பட்டையை ஒட்டினால் அது துருத்திக்கொண்டு நிற்கும், மேல் விளிம்பில் தூசு உட்காரும், பெண்கள் தினமும் துணியால் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அலமாரி சுவரோடு ஒட்டாது. பூச்சு வேலையின்போதே அடியில் நாலு அங்குலத்தைப் பூசாமல் விட்டு, பட்டையைப் பூச்சுக்குச் சமமாகப் பதித்து, நடுவில் ஒரு மெல்லிய குரூவ் விட்டால் சுவரில் உப்புப் பூத்தாலும் பட்டையோடு சேர்ந்து பெயராது. அறுத்த பட்டைகளில் கம்பெனி விளிம்பு உள்ளவை இரண்டுதான் கிடைக்கும், மற்றவற்றில் அறுத்த வாய் சில்லு சில்லாக இருக்கும். சில்லை மேலே காட்டாமல் கீழே தள்ள வேண்டும், நடுப்பட்டைகளுக்கு மேல் விளிம்பைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். தரை டைல்ஸும் சுவரை முட்டக் கூடாது, சில மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டும். மரத்தரை போடுகிறவர்கள் 8 முதல் 10 மில்லிமீட்டர் விடச் சொல்கிறார்கள். விடாமல் போட்ட மரத்தரை மழைக்காலத்தில் ஊதி, போக இடமில்லாமல் அறையின் நடுவில் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியை மறைக்கத்தான் சுவரடிப் பட்டை.  

ஓரம் இப்படிக் கைவிடப்படுவதற்கு ஒரு காரணம், அந்த வேலை செய்கிறவனுக்குக் கூலி இல்லை. அறையின் நடுவில் பத்து டைல்ஸ் போடுகிற நேரம், ஒரு மூலையில் இரண்டு துண்டு வெட்டிப் பொருத்துவதற்குப் பிடிக்கும். சதுர அடிக் கணக்கில் அந்த இரண்டு துண்டுக்கு ஒன்றும் வராது. கார்ப்பெட் வேலையில் ஓரம் உடம்பையே கேட்கும். கார்ப்பெட்டை விறைக்கிற கருவி ஒன்று உண்டு, ஒரு முனையில் பற்கள், மறுமுனையில் மெத்தை. பற்களைக் கார்ப்பெட்டில் ஊன்றி, மெத்தையை முழங்காலால் உதைத்து உதைத்து ஓரத்தை ஆணிப்பட்டைக்கு ஏற்ற வேண்டும். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1990-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், அந்நாட்டுத் தொழிலாளர்களில் கார்ப்பெட் போடுகிறவர்கள் 0.06 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் முழங்கால் காயத்துக்கு இழப்பீடு கேட்டவர்களில் 6.2 விழுக்காடு அவர்கள், அதாவது எதிர்பார்க்கக்கூடிய அளவைப்போல 108 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இழப்பீடு கேட்க முடிந்த நாட்டுக் கணக்கு அது. என்னோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்த்த நானா (அண்ணன்) ஒருவர் இன்று தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் தொழுகிறார். எத்தனையோ அறைகளுக்குக் கார்ப்பெட் விரித்த மனிதர், சஜ்தாவில் நெற்றியைக் கார்ப்பெட்டில் வைக்க முடியவில்லை. ஓர வேலைக்கு ரன்னிங் அடிக்கு நியாயமான கூலியைத் தனியாகப் பேசுங்கள், முட்டிக்குப் பட்டை கட்டி வேலை செய்யச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கிற வீட்டுக்காரரை நாங்கள் மறக்க மாட்டோம்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் எழுப்பிக் கொடுத்த, நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மனாரா இதே உப்புக் காற்றில்தான் நிற்கிறது. அந்தக் காலத்துக் கட்டுமானம் சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும், உப்பு பட்டால் மேல்தோல் மட்டும் உதிரும், ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தால் தீர்ந்தது. பழைய வீட்டுச் சுவரடி பொரிந்தால் அதன் மேல் சிமெண்டு பூசுகிற வழக்கத்தை விட வேண்டும். சிமெண்டு ஈரத்தை உள்ளே பூட்டி இன்னும் மேலே ஏற்றும். கீழே மூன்றடிக்குப் பூச்சைச் செதுக்கி எடுத்து, சில வாரம் காயவிட்டு, சுண்ணாம்பால் பூசுங்கள். சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தர்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். புது வீடு என்றால் அடித்தளத்துக்கு மேல் டி.பி.சி. என்கிற ஈரத்தடை அடுக்கு போடாமல் சுவர் எழுப்ப விடாதீர்கள். பிளிந்த் பீம் போட்டாயிற்று, அதுவே போதும் என்று மேஸ்திரி சொல்வார். கான்கிரீட்டும் தண்ணீர் உறிஞ்சும். அதன் மேல் நீர்த்தடைக் கலவையும் தாரும் வேண்டும்.

அரசிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம். குடிசையில் இருந்த மீனவக் குடும்பமும் விவசாயக் கூலிக் குடும்பமும் கான்கிரீட் கூரைக்குக் கீழே வருகிறது. வேதாரண்யத்திலிருந்து கொள்ளிடம் வரை கடலோர ஊராட்சிகளில் இப்படிக் கட்டுகிற ஒவ்வொரு வீட்டிலும் டி.பி.சி.யும் சுவரடிப் பட்டையும் இருந்தே ஆக வேண்டும், தவணைத் தொகை விடுவிக்க வருகிற பொறியாளர் கூரையைப் பார்ப்பதுபோல் சுவரடியையும் குனிந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு இரண்டாவது முறை சுவரைப் பூசப் பணம் கிடைக்காது.

கார்ப்பெட்டோ வினைலோ ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்கள், பள்ளிவாசல் நிர்வாகிகள் உட்பட, கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு கனமான பாலித்தீன் தாளை வெட்டி, சுவரோரத்தில் வெறும் தரையின் மேல் வைத்து, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டிவிடுங்கள். மாலை அஸருக்கு ஒட்டினால் மறுநாள் பதினொரு மணிக்குப் பிரிக்கலாம், பதினாறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அறையின் நடுவிலும் ஒன்று வையுங்கள். தாளின் அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ, தரை அங்கே மட்டும் கறுத்திருந்தாலோ, பசை வாங்க வேண்டாம். விரிப்பைச் சுற்றி ஓரம் தைத்து வாங்குங்கள், ஒரு சாண் விட்டுப் போடுங்கள். இந்தச் சோதனையை வெயில் காலத்தில் செய்து ஏமாறாதீர்கள். கார்த்திகையில் செய்யுங்கள்.